முதல் கரண்டி

பொங்கலன்று சம்பந்தி பூவம்மா புளியந்தோப்பிலிருந்து தூக்குச்சட்டியோடு வருவதும், வண்ணாரப்பேட்டையில் செல்லக்கனி அதை வாங்காமல் கதவைச் சாத்துவதும், மகள் ஜெனி பூவம்மா வீட்டு மருமகளாகப் போன வருடத்திலிருந்தே நடக்கிறது.

இன்றும் செல்லக்கனி சொன்னாள். "சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடமாட்டோம். தெரிஞ்சும் ஏன் கொண்டாறீங்க?"

ஆனால் கை கதவுக்குப் போகவில்லை. சட்டியிலிருந்து கருகிய முந்திரி வாசம் வந்தது. ஜெனி எப்போதும் கருகவிட்டுத்தான் இறக்குவாள்.

"இது படைச்சது இல்லம்மா," என்றாள் பூவம்மா. "பானைய எறக்குனதும் மொதல்ல உனக்குத்தான் எடுத்து வெப்பேன். அப்பாலதான் சாமிக்கு. வருசா வருசம் அப்டித்தான்."

"சாமிக்கு முன்னால எடுத்தா உங்களுக்குக் குத்தமில்லையா?"

"குத்தந்தான். என் தலையில வுடியட்டும்னு வுட்டுட்டேன்."

"இத ஏன் இதுவரைக்கும் சொல்லல?"

"எங்க சொல்ல வுட்ட? கதவத்தான சாத்துன."

செல்லக்கனி சட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க மதினி. எம்பிள்ள ஜெனி எப்படி இருக்கா?"

"தெரு மொனையில நின்னுகினு கீது. சட்டி காலியா வருதான்னு பாக்க, வருசா வருசம் அங்கதான் நிக்கும்."