சனிக்கிழமைப் பறவைகள்

“இன்னைக்கு நானும் வரேன்” என்று மனைவி சொன்ன நிமிடத்திலிருந்து அவன் அவள் கண்ணைப் பார்ப்பதையே தவிர்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமைதோறும் கடலோரப் பறவைகளைப் படமெடுக்கப் போகிறவன் அவன். ஆறு மாதமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இன்று அவள் வீட்டுப் பொறுப்பைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, சிவந்த கண்களோடு படகில் எதிரே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாளோ?

“அதோ, அது என்ன பறவை?”

“அது... ஏதோ கடல் பறவை.”

“போன வாரம் அதைத்தானே அவ்வளவு அழகா எடுத்திருந்தீங்க?”

அவன் அவசரமாகக் கேமராவைக் கண்ணில் வைத்தான். லென்ஸ் மூடியை அவள்தான் கழற்றிக் கொடுத்தாள். பிறகு படகுக்காரரிடம் திரும்பினாள்.

“அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. இவர்கூட வேற யாராவது வருவாங்களா?”

சொல்லிடாதீங்க என்று அவன் கண்ணாலேயே கெஞ்சினான்.

“யாரும் வர மாட்டாங்கம்மா. சார் தனியாத்தான் வருவார்.”

போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் படகுக்காரர் பழக்க தோஷத்தில் பலகைக்கு அடியிலிருந்து ஒரு தலையணையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

“பாவம்மா சார். ரெட்டைக் குழந்தைங்க ராத்திரி கண்ணை மூட விடறதில்லையாமே. படகுல ஏறினதும் படுத்துடுவார். நாலு மணிக்கு எழுப்பிவிடுவேன். படமெல்லாம் நான் எடுக்கிறதுதான்.”

 அவள் கையை நீட்டித் தலையணையை வாங்கிக்கொண்டாள்.

“நாலு மணிக்கு என்னை எழுப்புங்கண்ணா” என்றபடி படுத்தாள். “இன்னைக்கு இவர் படம் எடுக்கட்டும்.”