கட் ஆகாத அழைப்பு

"ஸ்டீயரிங் பட்டன் பழையபடி வேலை செய்யணும்னா தனியா ஒரு அடாப்டர் போடணும் சார்" என்றான் தேனி கார் ஸ்டீரியோ கடைக்காரன்.

"அது வேணாம். புது செட்டை மட்டும் மாட்டு" என்றான் எட்வின்.

காரை ஓட்டுவது அவன் மனைவி ரோஸ்லின். அவன் பக்கத்தில் இருக்கும்போது ஒரு போன் வரும். யாரென்று அவன் பார்ப்பதற்குள் ஸ்டீயரிங் பட்டனை அழுத்திக் கட் பண்ணிவிடுவாள்.

"யாரு?"

"லோன் வேணுமான்னு கேக்குறாக."

ஒரு மாதமாக எட்வினுக்குத் தூக்கமில்லை. எவன் அவன்?

மறுநாள் ஓடைப்பட்டி போகும் வழியில் அந்த அழைப்பு வந்தது. ரோஸ்லின் பட்டனை அழுத்தினாள். மணி நிற்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

"பட்டனுக்கு என்னங்க ஆச்சு?"

எட்வின் முந்திக்கொண்டு திரையில் பச்சையைத் தொட்டான். பேசுடா, இன்றைக்கு உன் குரலைக் கேட்கிறேன்.

நான்கு ஸ்பீக்கரிலும் ஒரு பெண் அழுதாள்.

"அக்கா, ஷெரின் பேசுறேன். உங்க வீட்டுக்காரவுக நேத்தும் என் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாக. பஸ் வரைக்கும் பின்னாடியே வந்தாக. இனி நான் போலீசுக்குத்தான் போவேன்."

ரோஸ்லின் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எடுத்தது நீங்கதான? நீங்களே பதில் சொல்லுங்க."