செய்திகள் வாசிப்பது என் மகள்

"தூங்கினா கிள்ளிடுங்க சார். யோசிக்காதீங்க" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லி வைத்தேன்.

அவர் தையல்காரர். மகன் ஒன்பதாம் வகுப்பு. எங்கே கிள்ளலாம் என்று அளவெடுப்பதுபோல என் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

காலை ஒன்பதரை. பள்ளி அரங்கில் அறுநூறு பிள்ளைகள். பருவத்தின் கடைசி நாள். பாடம் கிடையாது, பை கிடையாது. அவர்கள் போட்ட கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

நான் பாட்டில் ஆலையில் இரவு வேலை பார்ப்பவன். ஆறு மணிக்கு முடிந்தது. வீட்டில் படுத்தால் எழமாட்டேன். அதனால் குளித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். பருவம் முடியும் நாளில், அதுவரை நடந்ததையெல்லாம் வானொலிச் செய்தி மாதிரி ஒரு பிள்ளை மேடையேறி வாசிக்கும். எழுதுவதும் அந்தப் பிள்ளைதான். ஆசிரியர்கள் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது.

இந்தத் தடவை என் மகள்.

மூன்று வாரம் எழுதினாள். எனக்கு ஒரு வரி காட்டவில்லை. "வந்து கேட்டுக்கோ" என்றாள்.

வருவது பிரச்சினை இல்லை. கேட்பதுதான்.

போன பருவத்து நாடகத்தில் அவள் ராணியாகச் செத்துப்போனாள். நான் முன்வரிசையில் குறட்டை விட்டேன். அவள் சாவைவிட என் குறட்டைக்குத்தான் கைதட்டல் அதிகம். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

இன்றைக்கும் தூங்கினால் இனி கூப்பிட மாட்டாள். அப்படி அவள் சொல்லவில்லை. சொல்லாததால்தான் நிச்சயமாகத் தெரிந்தது.

நான் பத்தாம் வகுப்பில் படிப்பை விட்டவன். அதில் சோகம் ஒன்றும் இல்லை. கணக்கு வரவில்லை, போகப் பிடிக்கவில்லை, போகவில்லை. ஆனால் மகள் எழுதியதை மகளே வாசிக்கும்போது விழித்திருக்கக்கூட வக்கில்லாதவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

பரிசளிப்பு தொடங்கியது. தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு கோப்பை. கைதட்டல். ஓவியத்துக்கு ஒன்று. கைதட்டலோடு விசில். அடுத்ததற்குக் காலால் தரையை உதைத்தார்கள். சத்தம் ஏறிக்கொண்டே போனது.

அவ்வளவுதான் ஞாபகம்.

"யாருடா நிறுத்தினது?"

எழுந்து நின்று கத்தியவன் நான்தான்.

ஆலையில் சத்தம் இருந்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் எங்கோ பாட்டில் சிக்கிவிட்டது, ஓட வேண்டும். பதினாறு வருடப் பழக்கம். பகலில் பக்கத்து வீட்டுச் சுவரை இடித்தாலும் தூங்குவேன். கரண்ட் போய் மின்விசிறி நின்றால் முதல் ஆளாக எழுந்து உட்காருவேன்.

அரங்கில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அறுநூறு பிள்ளைகளும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையும் இன்னொரு கையைத் தொடவில்லை. தலைமையாசிரியை உதட்டில் விரல் வைத்திருந்தார். தையல்காரரும் கைகளைத் தூக்கியபடி என்னைத் திகிலோடு பார்த்தார்.

மேடையில், மைக்குக்கு முன்னால், கையில் தாளோடு என் மகள்.

"அப்பா, உக்காரு" என்றாள் மைக்கிலேயே.

அரங்கமே வெடித்துச் சிரித்தது. உட்கார்ந்தேன். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"வணக்கம். பருவச் செய்திகள். ஆசிரியர்களுக்கும் மாணவிகளுக்கும் நடந்த கைப்பந்துப் போட்டியில் ஆசிரியர்கள் தோற்றனர். காரணம் வெயில் என்று அவர்களும், வயது என்று பார்வையாளர்களும் தெரிவித்தனர்."

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள்.

"நூலகத்தில் காணாமல் போன அகராதி மூன்று மாதத் தேடலுக்குப் பின், ஆசிரியர் அறையில், ஆடும் மேசைக்கால் ஒன்றின் அடியில் உயிரோடு மீட்கப்பட்டது. கணித ஆசிரியர் இந்தப் பருவத்தில் நான்கு முறை சிரித்தார். ஐந்தாவது இன்னும் உறுதி செய்யப்படவில்லை."

ஓரமாக நின்றிருந்த கணித ஆசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐந்தாவது அங்கேயே உறுதியானது.

பதினொரு நிமிடம் வாசித்தாள். ஒரு சொல்லையும் நான் விடவில்லை. முடிந்ததும் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினேன். தையல்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது தலைமையாசிரியை என்னிடம் வந்தார்.

"எழுந்துட்டீங்களே சார்! அசந்து தூங்கிட்டிருந்தீங்க. மேடைக்கு வந்ததுமே உங்க பொண்ணு என் காதுல சொன்னா. அப்பா ராத்திரி பூரா வேல பாத்துட்டு வந்திருக்காரு, யாரும் கை தட்ட வேணாம் மிஸ்னு. நான்தான் எல்லாரையும் சத்தமில்லாம கைய மட்டும் ஆட்டச் சொன்னேன். தங்கமான பொண்ணு."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அதான் நானும் கிள்ளல" என்றார் தையல்காரர்.

எனக்கு அது இனிக்கவில்லை. இவ்வளவு நேரம் இருந்த சந்தோஷத்தில் பாதி இறங்கிப்போனது. அப்படியென்றால் மேடையேறும்போதே என்னைக் கைகழுவிவிட்டாள்.

வாசல் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஏண்டி, இந்த ஆளு கேக்கவே வேணாம், தூங்கட்டும்னு விட்டுட்டியா?"

அவள் தாளை நான்காக மடித்து என் சட்டைப்பையில் செருகினாள்.

"தூங்கட்டும்னு நான் எப்பப்பா சொன்னேன்? கை தட்ட வேணாம்னு மட்டும்தான் சொன்னேன். மிச்சத்த மிஸ்ஸே நெனச்சுக்கிட்டாங்க."