பூனையைக் கூப்பிடும் குரல்

சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு வேலப்பன் கொல்லையில் குத்தவைத்திருந்தான்.

பூனையைக் கூப்பிட வேண்டியது வடிவு.

வேலப்பன் மலைக்குக் கீழேயிருந்து வருகிறவன். பனி இறங்கி, வடகவுஞ்சியில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கத் தொடங்கும் காலத்தில் வந்துவிடுவான். இழுப்புக்குப் பூனைக்கறியைப் போல மருந்து கிடையாது என்பான்.

அவன் கொண்டுவந்த இன்னொரு சாக்கு வாழைமரத்தடியில் கட்டிக் கிடந்தது. உள்ளே ஏதேதோ புடைத்துப் புடைத்து அடங்கியது. சத்தம் மட்டும் இல்லை. பிடித்த பூனைகளின் வாயை வாழைநாரால் கட்டிவிடுவானாம். உயிரோடு கொண்டுபோனால்தான் கீழே வாங்குவார்களாம்.

சாக்கின் கிழிசல் வழியாக ஒரு பாதம் வெளியே வந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே போய்விட்டது.

வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதில் ஒன்றையே எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று அவள் முன்பே கேட்டுப் பார்த்திருந்தாள். ஆகாது என்றான். நோயாளி வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனையாக இருக்க வேண்டும். அப்போதுதான் மிளகு தட்டிப் போட்ட சாறு நெஞ்சில் பிடிக்கும். சாறு நோயாளிக்கு, மிச்சக் கறி அவனுக்கு. அதுதான் வழக்கம்.

உள்ளே அவள் புருஷன் நாச்சிமுத்து கம்பளியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவர் படுத்துத் தூங்கி வெகு நாளாயிற்று. கொடைக்கானல் ஆஸ்பத்திரி மாத்திரை எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு மூச்சும் ஓட்டு இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி சீழ்க்கையடித்துக்கொண்டு வெளியே வந்தது.

அவரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. என்ன சாறு என்று கேட்டால் முயல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பூனை, மகள் பொன்னுத்தாயின் மடியில் வளர்ந்தது. செவலை நிறம். சக்கரை என்று அவள்தான் பேர் வைத்தாள்.

சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம், வாழைத்தார் ஏற்ற வந்த லாரி டிரைவரோடு பொன்னுத்தாய் மலையிறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கே நாச்சிமுத்து சொல்லிவிட்டார், இனி அவள் பேர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது, வாசலை மிதித்தால் காலை வெட்டுவேன் என்று. அவள் படுத்த பாயைச் சுருட்டி ஓடையில் விட்டார்.

பூனையை மட்டும் யாரும் சுருட்ட முடியவில்லை.

பாய் கிடந்த இடத்தில், வெறுந்தரையில், அது தினமும் வந்து படுக்கும். இருட்டில் வடிவு கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பாள். வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் வைத்திருப்பாள்.

என்றைக்காவது மகள் வந்தால் முதலில் பூனை எங்கே என்றுதான் கேட்பாள். அதை நினைக்காமல் இருப்பதற்காகவே இன்று காலையிலிருந்து பெருக்கிய முற்றத்தையே மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். ஆரஞ்சு மரத்தடிக் கல்சுவரில் உட்கார்ந்திருந்த சக்கரை காதை மட்டும் அசைத்தது. வேறெங்கோ பார்த்துக்கொண்டது.

வேலப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

“என்னக்கா, சம்பந்தகாரரைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுறீங்க. நான் போனா மரத்துல ஏறிக்கிடும். யாரு வாய்க்கு வருமோ அவுகளை வெரசாக் கூப்பிடச் சொல்லுங்க, பஸ்சு போயிரும்.”

யார் வாய்க்கு வரும் என்று வடிவுக்குத் தெரியும்.

உள்ளே ஒரு மூச்சு இழுத்தது. அடுத்த மூச்சு வரவில்லை. வடிவு கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, எங்கோ அடியிலிருந்து பிடுங்கி எடுத்த மாதிரி, அது வந்தது.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

குரலை மேலே ஏற்றி, மகள் நீட்டுகிற மாதிரியே நீட்டி, முடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்ட மாதிரி ஒடித்து, “ஓ… சக்கரேய்” என்றாள்.

அந்தக் குரல் தன் தொண்டைக்குள் இருப்பது அவளுக்கே தெரியாது. தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

சக்கரை சுவரிலிருந்து குதித்தது. வாலைத் தூக்கிக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் புகுந்து ஓடிவந்து அவள் காலைச் சுற்றியது. குனிந்து தூக்கினாள். நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு குர்குர்ரென்று சத்தமிடத் தொடங்கியது.

வேலப்பன் சாக்கை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தினான்.

கதவு படாரென்று திறந்தது.

நாச்சிமுத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பளி ஒரு காலில் சுற்றிக்கொண்டு பின்னால் இழுபட்டது. அவர் பூனையைப் பார்க்கவில்லை. சாக்கையும் பார்க்கவில்லை. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறிவரும் ஒற்றையடிப் பாதையைத் தேடித் தேடிப் பார்த்தார்.

“எங்க அவ?” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். “கீழயே நின்னுட்டாளா? ஏறி வரச் சொல்லு.”

வடிவு பூனையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கண்கள் மெல்லப் பாதையை விட்டு அவள் முகத்துக்கு வந்தன. அவள் கையிலிருந்த பூனைக்கு வந்தன. விரித்த சாக்குக்கு வந்தன.

நிலையைப் பிடித்தபடியே சரிந்து படியில் உட்கார்ந்தார்.

வேலப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் வெறுஞ்சாக்கை உதறி மடித்தான். வாழைமரத்தடிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். அவன் முதுகில் அது புடைத்துப் புடைத்து அடங்குவது வளைவு வரைக்கும் தெரிந்தது.

படியில் நாச்சிமுத்துவின் மூச்சு சீழ்க்கையடித்தது.

“இன்னொரு தடவை கூப்பிடு” என்றார்.

வடிவு அதே குரலில் கூப்பிட்டாள்.

பூனை அவள் கையிலேயேதான் இருந்தது.