இருநூற்றுப் பதினாலாம் பக்கம்

தையற்காரர் நாற்காலியை வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பழைய புத்தக வியாபாரி எதையாவது சட்டைக்குள் செருகிக்கொண்டு போவதென்றால் இவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அண்ணன் இறந்துபோய் ஒரு மாதம். மூன்று அலமாரி நிறையச் சமயமும் சரித்திரமும். அண்ணி விற்கிறாள், காவலுக்கு இவர்.

மூன்றாம் வகுப்போடு நின்றவர். படித்தவன் எவனையும் நம்பமாட்டார். மழை வரும் என்று வானொலி சொன்னால் துவைத்த துணியை வெளியே காயப்போடுவார்.

நம்பிய ஒரே ஆள் அண்ணன்.

எது பாவம், எது பாவமில்லை என்று ஊரே அவரிடம்தான் வந்து கேட்கும். தடித்த புத்தகத்தை மடியில் வைத்து, திறக்காமலே பக்கம் சொல்லுவார். ஊர் வாயைப் பிளக்கும்.

இவரும் ஒருமுறை கேட்டார். அடுத்த தெருவில் பொத்தான் கடை வைத்திருந்தவள், புருஷனை இழந்தவள். கட்டிக்கொள்ளலாமா?

அண்ணன் அட்டைமேல் உள்ளங்கையை வைத்தார். "கூடாது. இருநூத்திப் பதினாலாம் பக்கம்."

முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. இவர் ஒற்றை ஆள். அவளும்தான். அவள் கடை இருக்கும் பக்கம் தலைகாட்டாமல், பொத்தானுக்கு இவர் மூன்று தெரு சுற்றிப் போகிறார்.

வியாபாரி அதே புத்தகத்தை எடுத்து ஓரத்தை வருடினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, இதுக்கு மட்டும் மூணு மடங்கு தரலாம்!"

குறைத்துச் சொல்கிறவன் திருடன். கூட்டிச் சொல்கிறவன் அவனுக்கும் அப்பன். "ஏனாம்?" என்றார் தையற்காரர்.

"அந்தக் காலத்துல தாளை மடிச்சபடியே தைச்சு வித்தாங்க. வாங்கினவர்தான் மடிப்பை அறுத்துப் படிக்கணும். இதுல ஒரு மடிப்புகூட அறுக்கல. யாருமே படிக்காத புத்தகம்!"

"என்னைத் தூசி தட்டக்கூட விடமாட்டாரே, தம்பி," என்றாள் அண்ணி பெருமையாக.

தையற்காரர் எழுந்து வந்தார். அளவு நாடா பிடித்த ஆள், எண் தெரியும். இருநூற்றொன்பது இருந்தது. அடுத்துக் கண்ணில் பட்டது இருநூற்றுப் பதினாறு. நடுவில் உள்ளதெல்லாம் மடிப்புக்குள்.

சட்டைப்பையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது.

"ஐயையோ, வெட்டினா விலை போயிடும்!"

தையல் பிரித்த கைக்குத் தாள் எம்மாத்திரம். "படிங்க."

வியாபாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். துறவிகள் எத்தனை நாளைக்கு ஒருமுறை தலையை மழிக்க வேண்டும். ஒரு சவரக்கத்தியை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். மழித்த மயிரை எங்கே கொட்டுவது.

"கல்யாணம்?"

"அந்தப் பேச்சே இல்லீங்க."

தையற்காரர் வாசலில் கிடந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டார்.

"மத்ததுக்கெல்லாம் நீங்களே ஒரு விலை போட்டு எடுத்துக்குங்க. இத நான் வச்சுக்கறேன்."

புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"எங்க கிளம்பிட்டீங்க, தம்பி?"

"பொத்தான் வாங்க."