கேட்ட கேள்விக்கு மட்டும்

"சார், எங்கிட்ட தங்கம் இருக்கு."

சுங்க அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷ சர்வீஸில், தங்கம் இருக்கிறது என்று தானாக வந்து சொன்ன முதல் ஆள் இந்த அம்மாள்தான். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மார்போடு ஒரு துணிப்பையை அணைத்திருந்தாள்.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர், "தங்கத்தை மறைச்சீங்கன்னா புடுங்கிக்குவாங்க" என்று பயமுறுத்தியிருந்தார். போனில் மருமகளோ, "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க அத்தை. ஒரு வார்த்தை அதிகமாப் பேசினாலும் வம்பு" என்றிருந்தாள். இரண்டையும் அம்மாள் மனதில் முடிந்து வைத்திருந்தாள். பையில் இருப்பது பறிபோனால் அவளுக்கு உயிரே போன மாதிரி.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிற வேலை சார்."

"வெளிநாட்டுல எத்தனை நாள் இருந்தீங்க?"

"நாலு நாள்."

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவளுக்கு நாலு நாள் வெளிநாட்டில் என்ன ஜோலி? அதிகாரிக்கு மூக்கில் வியர்த்தது.

"தங்கம் வாங்கினதுக்கு பில் இருக்கா?"

"வாங்கல சார். குடுத்தாங்க."

"யாரு?"

"கோட்டு போட்ட ஒரு பெரிய மனுஷர். பேரு தெரியாது."

"பேரு தெரியாதவர் சும்மா தூக்கிக் குடுத்துட்டாரா? நீங்க என்ன பண்ணீங்க?"

"ஓடினேன் சார்."

அதிகாரியின் பேனா நின்றது. "ஓடினீங்களா?"

"ஆமா சார். என் பின்னாலயே ஏழு பேர் ஓடி வந்தாங்க."

"பிடிச்சாங்களா?"

"ஒருத்தராலயும் முடியல."

சொல்லும்போதே அம்மாளின் முகம் பூரித்துப்போனது. செய்வதையும் செய்துவிட்டுப் பெருமை வேறா? அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா?"

"எங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டாரு சார். முட்டி தேஞ்சு போகும்னாரு. வெளியில காத்துக்கிட்டிருக்காரு. அவர் கண்ணுல இதைக் காட்டியே ஆகணும். புடுங்கிடாதீங்க சார்."

"ஓ, அவருக்கும் தெரியுமா? குடும்பத்தோடதான் தொழில் போல. பையைக் குடுங்க."

பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறை வந்தது. அதிகாரி அதைத் தலைகீழாக உதறினார். நீல நாடா கோத்த வட்டம் ஒன்று மேஜையில் விழுந்து உருண்டது. அதைக் கையில் எடுத்து, பொறித்திருந்ததை வாய்விட்டே படித்தார்.

"மூத்தோர் உலகத் தடகளப் போட்டி. பெண்கள், நானூறு மீட்டர். முதலிடம்."

பேனாவை மூடி வைத்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க கேக்கலையே சார். வரி எவ்வளவு?"

வெறும் முலாம்தான் என்று விரல் பட்டதுமே அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. எழுந்து நின்று, தன் கையாலேயே அதை அம்மாளின் கழுத்தில் மாட்டினார்.

"ஓடி ஜெயிச்ச தங்கத்துக்கு வரி கிடையாதும்மா. வீட்டுக்காரர் இனிமே முட்டியைப் பத்திப் பேசினா, அவரை என்கிட்ட அனுப்புங்க."