வண்டி ஓட்டத் தெரியுமா?

கண்ணாடித் தடுப்புக்குக் கீழே ஒரு கை மட்டும் நுழையும் அரைவட்டத் துளை வழியாக, பைக் டாக்ஸிக்காரரின் விண்ணப்பம் திரும்பி வருகிறது. "லைசென்ஸைப் புதுப்பிக்கிற கெடு நேத்தோட முடிஞ்சிருச்சுண்ணா. இனிமே புதுசா டெஸ்ட்தான். வண்டி ஓட்டத் தெரியும்னு ஓட்டிக் காட்டணும்ல?" என்கிறாள் கவுன்டர்க்காரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "நேத்து வந்தேனேம்மா! மெஷின் வேலை செய்யல, நாளைக்கு வாங்கன்னு நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க?" "அதெல்லாம் மெஷினுக்குத் தெரியாதுண்ணா." தலைக்கு மேலே மின்விசிறி கடகடக்கிறது. அவருக்குக் காதுமடல் வரை சூடேறுகிறது. ஓட்டிக் காட்டணுமாமே, அதுவும் இவளுக்கு! மேஜைமேல் இருக்கும் அந்த நீலச் சாப்பாட்டுப் பை, இன்று காலை அவருடைய பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்து வந்த பை. "லேட்டாயிருச்சுண்ணா, கொஞ்சம் விரட்டுங்க" என்று பின்னாலிருந்து தோளைத் தட்டியவள் இவள்தான். மூன்று வருஷமாகத் தினமும் இவள்தான். ஹெல்மெட் அழுத்திய முடி இன்னும் அவள் நெற்றியோரம் படிந்தே கிடக்கிறது. "டெஸ்ட் எப்பம்மா?" "அடுத்த மாசம் பதினேழு. அதுவரைக்கும் வண்டியைத் தொடவே கூடாது, ரூல்ஸ்." முத்திரை பொத்தென்று காகிதத்தில் விழுகிறது. அப்போ ஒரு மாசத்துக்கு அடுப்பு எதை வைத்து எரியும்? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காகிதங்களை அள்ளுகிறார். வரிசை பின்னாலிருந்து நெருக்குகிறது. திரும்பப் போகிறவரை, துளைக்குக் குனிந்து, குரலைத் தாழ்த்தி அவள் கூப்பிடுகிறாள்: "அண்ணா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துருவீங்கள்ல?"